வானமில்லாத இடிபாடுகள்

1871ஆம் ஆண்டு இலங்கையில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கமராக்கள் வேலை செய்தன. ஒன்று ஜோசஃப் லோட்டன் என்ற ஆங்கிலேயருடையது. ஆளுநர் ஹெர்கியூலிஸ் ரொபின்சன் 1868 இல் அமைத்த தொல்பொருட் குழுவுக்காக அவர் 1870 இலும் 1871 இலும் அனுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களைக் கண்ணாடித் தகடுகளில் பதிந்தார். மற்றக் கமரா யாழ்ப்பாணத்தில் இருந்தது. டிசம்பர் 12ஆம் திகதி காலை, ஒரு முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் மலபார்க் கரையில் தரையேறி, நீலகிரி, புதுக்கோட்டை வழியாக வட இலங்கையைக் கடந்தது. அந்த நேரத்தில் கப்டன் ஹொக் என்ற அதிகாரி, மறைந்த சூரியனைச் சுற்றித் தெரிந்த ஒளிமகுடத்தை அங்கே படமெடுத்தார். லோட்டனின் படங்களில் வானம் இல்லை. ஹொக்கின் படங்களில் நிலம் இல்லை. இடிந்த கோட்டைக்கும் தாதுகோபத்துக்கும் மேலே பால்வீதி எழுந்து நிற்பதாக இன்று எடுக்கப்படும் படங்களைப் புதுப் பணக்கார மோகம் என்றும், கமராக் கடைக்காரர் கட்டிவிட்ட ஆசை என்றும் சொல்வோர் உண்டு. அந்த ஆசைக்கு வயது இருபதளவே என்பது உண்மைதான். ஆனால் அது தொடும் விடயம் 1871 அளவுக்குப் பழையது. பழைய கல்லையும் அதற்கு மேலிருந்த வானத்தையும் புகைப்படம் இரண்டாகப் பிரித்தது. இரசாயனத்தின் குறைபாட்டால் நேர்ந்த அந்தப் பிரிவு, பிறகு பழைமையை நாம் பார்க்கும் முறையாகவே இறுகிப்போனது. இன்றைய இரவுப் படம் அந்தப் பிரிவைச் சரிசெய்ய முயல்கிறது. பாதிதான் சரிசெய்கிறது என்பது என் கட்சி.

லோட்டனின் பொலன்னறுவைப் படங்களில் கல்லின் துல்லியம் வியக்க வைப்பது. செங்கல்லுக்கிடையில் வேர்விட்ட மரம், சரிந்த படி, காவற்கல்லின் செதுக்கு எல்லாம் விரல்வைத்து எண்ணும்படி தெரியும். கண் மேலே போனால் அங்கே வெறும் வெள்ளை. மேகமும் இல்லை, பறவையும் இல்லை, வெயிலின் ஏற்ற இறக்கமும் இல்லை. அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக மசியும். பச்சைக்கு மெத்தனம், சிவப்புக்குக் குருடு. காட்டுக்குள் கிடக்கும் செம்மண் நிறச் செங்கல்லும் பாசி படிந்த கல்லும் பதிய வேண்டுமென்றால் சில விநாடிகளாவது தகட்டைத் திறந்துவைக்க வேண்டும். அதற்குள் நீல வானம் தகட்டை எரித்துவிடும், அச்சில் வெள்ளைத் தாளாக நிற்கும். தமிழ்நாட்டில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர் லினேயஸ் டிரைப். மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858 இல் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்த அவர், தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கிய பொறுமைசாலி. அப்படிப்பட்டவரும் தம் நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தூரிகையால் வரைந்து சேர்த்தார். பிரான்சில் குஸ்தாவ் ல கிரே 1850களிலேயே கடலை ஒரு நெகட்டிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இடிபாட்டுப் படத்தின் வானம் தொடக்கத்திலிருந்தே ஒன்றில் வெற்றிடம், அல்லது கைவேலை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

பகல் வானமே பதியாதபோது இரவு வானத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். முழுநிலவின் வெளிச்சம் வெயிலைவிட ஏறத்தாழ நான்கு இலட்சம் மடங்கு குறைவு. வெயிலில் மூன்று விநாடி கேட்கும் ஒரு காட்சி நிலவில் பன்னிரண்டு இலட்சம் விநாடி கேட்கும். அதாவது மறையாத, தேயாத முழுநிலவு இரண்டு வாரம் தலைக்கு மேல் நிற்க வேண்டும். தகடோ பூசிப் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் காய்ந்து கெட்டுவிடும். அனுராதபுரத்து வெக்கையில் அதுகூடத் தாங்காது. அதனால் லோட்டன் போன்றவர்கள் இரவில் எடுக்க நினைத்தார்களா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. காவற்கற்களுக்கு நடுவே அரைவட்டமாகக் கிடக்கும் சந்திரவட்டக்கல்லைக்கூட நிலவில் காட்ட முடியாத தொழிலாகவே அது இருந்தது. ஆனால் நிலவை எடுப்பது வேறு, நிலவொளியில் எடுப்பது வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். நிலவு வெயில்படும் ஒரு பாறை. அதை ஜோன் வில்லியம் டிரேப்பர் 1840 இலேயே நியூயோர்க்கில் பதிந்துவிட்டார். ஹார்வர்டு வானாய்வகத்தில் 1850 ஜூலையில் வேகா நட்சத்திரம் நூறு விநாடியளவில் தகட்டில் விழுந்தது. வானில் ஒளிர்வதை எடுக்க அக்காலத் தகடு போதும். அந்த ஒளி பட்டு நிற்கும் சுவரை எடுக்கத்தான் போதாது.

ஈரத் தகடு போய் உலர்தகடு வந்ததும் இந்தத் தடை நீங்கியிருக்க வேண்டாமா? ஜெலற்றின் பூசிய தகட்டைப் பற்றி ரிச்சர்ட் மடொக்ஸ் எழுதியதும் அதே 1871 இல்தான். பத்து ஆண்டுகளுக்குள் அது தொழிலையே மாற்றியது. மணிக்கணக்காகத் திறந்துவைத்தாலும் தகடு கெடாது. எட்வர்ட் பார்னார்ட் 1889 இல் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்திலிருந்து பால்வீதியின் மேகங்களை எடுத்தது இந்த வசதியால்தான். ஆனால் இங்கே இரசாயனத்துக்குப் பதிலாகப் பூமி குறுக்கே வந்தது. வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நிலவு தன் அகலத்தளவு தூரத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். நட்சத்திரத்தைப் புள்ளியாக வைத்திருக்க வேண்டுமென்றால் கமராவைக் கடிகாரப் பொறியில் ஏற்றி வானத்தோடு திருப்ப வேண்டும். திருப்பினால் கீழே நிற்கும் தூண் குழம்பிப்போகும். தூணை நிறுத்திவைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். கல்லுக்கு ஒரு கமரா, வானத்துக்கு ஒரு கமரா என்று தொழில் இரண்டானது இதனால். தொல்பொருட்காரர் அசையாத முக்காலியை வாங்கினார். வானியலாளர் சுழலும் பொறியை வாங்கினார். இருவரும் ஒரே இடத்தில் நின்றபோதுகூட ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்க்கவில்லை. 1871 கிரகணத்துக்கு நோர்மன் லொக்யர் தம் கருவிகளை நிறுத்திய இடம் கேரளக் கரையிலுள்ள பேக்கல் கோட்டை. அங்கிருந்து பெறப்பட்ட தகடுகளில் ஒளிமகுடம் இருக்கிறது, அதைத் தாங்கிய கோட்டைக்கு இடமில்லை. கொழும்பில் பிறந்த பர்சி மோல்ஸ்வர்த் என்ற இராணுவப் பொறியியலாளர், 1908 இல் இறக்கும்வரை திருகோணமலையை வானியலாளர்கள் அறிந்த ஊராக்கினார். வியாழனின் தென்பகுதியில் 1901 இல் எழுந்த பெருங்குழப்பத்தை முதலில் கண்டவர் அவர். கோணேசர் மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வரைந்து தள்ளியது வியாழனையும் செவ்வாயையும். குற்றமாகச் சொல்லவில்லை. அவருடைய வேலை அது.

இனி இந்தப் பிரிவு என்ன செய்தது என்பதற்கு வருவோம். லோட்டனின் படங்கள் அழகுக்காகப் பணிக்கப்பட்டவை அல்ல. அரசாங்கம் எதைத் தோண்டுவது, எதைக் காப்பது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் ஆவணங்கள். அதனால் அவற்றில் அளவுகோலுக்காக ஓர் ஆள் நிற்பார், பெயரில்லாமல், அசையாமல். நேரம் தெரியாது, காலநிலை தெரியாது, திதி தெரியாது. வெள்ளை வானத்தின் கீழ் நிற்கும் கட்டடம் எந்த நாளிலும் இல்லாததுபோல் நிற்கும். அருங்காட்சியகத்தில் வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்து எடுக்கும் பானையைப் போல என்றால் பொருந்தும். ஆனால் அதே இடங்களுக்கு அதே காலத்தில் போய்க்கொண்டிருந்த மக்களுக்கு அவை பகலிடங்களாக மட்டும் இருக்கவில்லை. பொசன் பௌர்ணமியில் மிகிந்தலை ஏறுவோருக்கு நிலவு அலங்காரமில்லை, வழிவிளக்கு. விழாவை முழுநிலவில் வைத்ததற்குச் சமயக் காரணம் ஆயிரம் சொல்லலாம். காட்டுவழி நடப்பவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பது அவற்றில் சின்னக் காரணமில்லை. கொழும்பிலேயே இதைப் பார்க்கலாம். செட்டியார் தெருக் கதிரேசன் கோவில்களிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல், ஆடிப் பௌர்ணமியை ஒட்டியே காலி வீதியில் நகர்கிறது. மின்கம்பம் இல்லாத காலத்தில் அந்தத் தேருக்கு வானம்தான் பாதி அலங்காரம். தாதுகோபமும் கோவிலும் நிலவைக் கணக்கில் வைத்துப் புழங்கிய இடங்கள். புகைப்படம் அவற்றைப் பகலில் பூட்டிவைத்தது. நூற்றாண்டுக்கு மேலாக நம் பாடப்புத்தகம், முத்திரை, தபாலட்டை, நாட்காட்டி எல்லாம் அந்தப் பகல் படத்தையே அச்சிட்டன. ‘இடிபாடு’ என்றதும் வெயிலில் காயும் ஒரு கல்தூண் நம் மனதில் வருவது அப்படித்தான்.

இடைக்காலத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. லயனல் வென்ட் (1900-1944) கொழும்பில் இருந்துகொண்டு நெகட்டிவ்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிடுவதிலும், அச்சிடும்போதே ஒளிபட்டுத் தலைகீழாக மாறும் நிறங்களிலும் செய்த சோதனைகள் உலகத் தரமானவை. ஆனால் அவருடையது அறைக்குள் உண்டாக்கிய இருட்டு, வெளியிலுள்ளது அல்ல. 1955 ஜூன் 20 இல் இன்னொரு முழுக் கிரகணம் பொலன்னறுவைப் பக்கமாகவே வந்தது. ஹிங்குராக்கொடையில் கருவிகளோடு காத்திருந்த வெளிநாட்டு வானியலாளர்களுக்கு மேகம்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்தது மின்விளக்கு. பெரிய தாதுகோபங்களுக்கு இரவில் ஒளி பாய்ச்சினார்கள். கட்டடம் இரவில் தெரிந்தது, அதற்கு விலையாக நட்சத்திரம் போனது. அதாவது பிரிவு வேறு வழியில் தொடர்ந்தது.

சேர்க்கை நடந்தது டிஜிட்டல் உணரியால். 2007 இலும் 2008 இலும் வந்த நிக்கோன் டி3, கெனன் 5டி மார்க் 2 போன்ற கமராக்கள், திறந்த வில்லையோடு இருபது, இருபத்தைந்து விநாடிக்குள் பால்வீதியைப் பதியும் கூருணர்வைக் கடையில் வாங்கும் பொருளாக்கின. இந்த இருபத்தைந்து விநாடி முக்கியமானது. அகன்ற கோண வில்லையில் அதற்குள் நட்சத்திரம் கோடாகாது. கமராவைத் திருப்ப வேண்டியதில்லை. தூணும் நட்சத்திரமும் ஒரே முக்காலியில், ஒரே திறப்பில் கூர்மையாக நிற்கும். 1871 இல் இரண்டாகப் பிரிந்த தொழில் அந்த இருபத்தைந்து விநாடிக்குள் ஒன்றானது. ஈரானில் பிறந்த பாபக் தஃப்ரேஷி 2007 இல் தொடங்கிய ‘உலகம் இரவில்’ என்ற கூட்டுமுயற்சி, உலகின் பழைய சின்னங்களையும் இயற்கைச் சின்னங்களையும் இரவு வானத்தோடு எடுப்பதையே நோக்கமாக வைத்தது. நமக்கு இடம் வாய்ப்பானது. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் பால்வீதியின் நடுப்பகுதி, தேள், வில் நட்சத்திரக் கூட்டங்கள் இருக்கும் இடம், ஐம்பது பாகைக்கு மேலே ஏறும். ஐரோப்பியருக்கு அது அடிவானப் புகையில் கரையும் பொருள். குறை வேறொன்று. கொழும்பிலிருந்து அதைப் பார்க்க முடியாது. மனிதரில் மூன்றிலொரு பங்கினர் தாம் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாதவர்கள் என்று 2016 இல் வெளியான ஒளிமாசு உலக வரைபடம் கணக்கிட்டது. காலி வீதியின் இருபக்கமும் வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்தி. பம்பலப்பிட்டிக் கரையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிக் கடலை நோக்கி நின்றால் மேற்கே கொஞ்சம் இருட்டு உண்டு, அவ்வளவுதான். 2022 மார்ச் 31 இல் நாட்டில் 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. அடுத்த நாள் அமாவாசை. வானம் பார்க்க இதைவிட நல்ல இரவு வாய்த்திருக்காது. ஊர் அன்று மிரிஹானையில் அப்போதைய ஜனாதிபதியின் வீட்டுத் தெருவில் நடந்த போராட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்தப் படங்கள் பொய் என்பது முதலில் வரும் ஆட்சேபம். கண்ணுக்குத் தெரியாத ஊதாவும் செம்மஞ்சளும் அவற்றில் கொட்டிக்கிடக்கின்றன, பல படங்களை அடுக்கிச் செய்தவை, சில வேளை வேறெங்கோ எடுத்த வானத்தை ஒட்டியவை என்பார்கள். மூன்று குற்றச்சாட்டுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. இருட்டில் நம் கண் நிறம் காணாது. கமரா காணும். அது கண்ணின் எல்லையைக் காட்டுகிறதே தவிரப் பொய் சொல்லவில்லை. கண்ணைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் லோட்டனின் வெள்ளை வானத்தையும் கேள்வி கேட்க வேண்டும். அப்படியொரு வானத்தை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. ஆனாலும் நாம் அதை நூற்றைம்பது ஆண்டுகளாக ஆவணம் என்றே சொல்லிவருகிறோம். ஒரே இடத்தில், ஒரே இரவில், முக்காலி நகராமல் எடுத்த பல படங்களை அடுக்குவதிலும் எனக்கு முறைப்பாடில்லை. ல கிரே செய்ததைவிட அது நேர்மையானது. வேறு ஊர் வானத்தை ஒட்டுவது மோசடி. நல்ல வேளையாக நம் அகலக்கோட்டில் அந்த மோசடி எளிதில் பிடிபடும். துருவ நட்சத்திரம் ஓர் இடத்தின் அகலக்கோடு எத்தனை பாகையோ ஏறத்தாழ அத்தனை பாகை உயரத்தில்தான் நிற்கும். யாழ்ப்பாணத்தில் பத்துப் பாகைக்குச் சற்றுக் குறைவு, அனுராதபுரத்தில் எட்டுச் சொச்சம், கொழும்பில் ஏழுக்கும் குறைவு. நட்சத்திரங்கள் வட்டவட்டமாகச் சுழலும் படங்களில் அந்த வட்டங்களின் நடுப்புள்ளி இங்கே அடிவானத்தை ஒட்டியே இருக்கும். 71 மீற்றர் உயரத்தில் இன்று நிற்கும் ஜேதவனாராமத் தாதுகோபத்தின் உச்சிக்கு மேல் அந்தப் புள்ளி தெரிய வேண்டுமென்றால், எடுத்தவர் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் தெற்கே தள்ளி நின்றிருக்க வேண்டும். தாதுகோபம் படத்தை நிறைத்தபடி நிற்க, அதன் தலைக்கு மேலே வட்டங்கள் கிரீடமாகச் சுழன்றால், அந்த வானம் வடக்கே தூரதேசத்திலிருந்து இறக்குமதியானது. சுங்கத்தில் பிடிக்க வேண்டியது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் ஆழமானது. இந்தப் படங்களுக்கு அடியில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: அரசர்கள் பார்த்த அதே வானம், மாறாத நட்சத்திரங்கள். அது பிழை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை பம்பரத்தலை போல் சுற்றிவருகிறது. சோழர் காலத்தில் பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரம் எழுந்தபோது, இன்றைய துருவ நட்சத்திரம் வடதுருவத்திலிருந்து ஐந்து பாகைக்கும் மேலாக விலகி இருந்தது. வடக்கை நோக்கி நின்ற சிற்பிக்கு அது ஓரிடத்தில் நிற்கும் வெள்ளி அல்ல. இரவுதோறும் அடிவானத்துக்குப் பக்கமாகத் தாழ்ந்தும் ஏறியும் வட்டமடித்த ஒன்று. ஆகவே, கட்டியவர்களின் வானத்தை இந்தப் படம் திருப்பித் தருகிறது என்று வாதிட முடியாது. நான் அப்படி வாதிடவும் இல்லை. என் வாதம் இதைவிடச் சிறியது: அந்த இடத்துக்கு ஒரு வானம் இருந்தது என்பதையாவது இந்தப் படம் ஒப்புக்கொள்கிறது. நட்சத்திரம் இருக்கும் படத்துக்கு ஒரு மணி உண்டு, ஒரு மாதம் உண்டு. தேள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, மணி தெரிந்தால் எடுத்த நாளை ஏறத்தாழக் கணக்கிடலாம். வெள்ளை வானத்தின் கீழ் நிற்கும் தூணிடம் அப்படி ஒரு கேள்வி கேட்க முடியாது. காலமற்றது என்று தலைப்பிட்டு விற்கப்படும் இந்தப் படம்தான், வேடிக்கையாக, லோட்டனின் படத்தைவிடக் காலத்துக்குக் கட்டுப்பட்டது.

மூன்றாவதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வடக்கின் இருட்டு இயற்கையின் கொடை மட்டுமில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. ஆண்டுக்கணக்காக ஜாம் போத்தல் விளக்கில், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி, பிள்ளைகள் படித்தார்கள். தீவின் வேறெந்த நகரத்துக்கும் வாய்க்காத நட்சத்திர வானம் அப்போது யாழ்ப்பாணத்துக்கு மேலே இருந்தது. அதை அண்ணாந்து பார்த்தவர்கள் பரா லைற் விழுகிறதா, விமானம் வருகிறதா என்றுதான் பார்த்தார்கள். ஒல்லாந்தர் கோட்டை அதே ஆண்டு முற்றுகைக்குள்ளானது. அதற்குள் 1706 இல் கட்டி நின்ற தேவாலயம் அந்தப் போரில் தரைமட்டமானது. இன்று அந்தக் கொத்தளத்தில் முக்காலி வைத்துப் பால்வீதியை எடுப்பவர், பல நூற்றாண்டுப் பழைய இடிபாட்டையும் சில பத்தாண்டுப் பழைய இடிபாட்டையும் ஒரே வெள்ளித்தூளால் மூடுகிறார் என்றால் அது நியாயமான குற்றச்சாட்டு. அழகு எல்லாவற்றையும் ஒரே வயதாக்கிவிடும். இதற்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பகல் படமும் இதைச் செய்தது, இன்னும் திறமையாக. பூநகரி மண்ணித்தலைச் சிவன் கோவிலை வெயிலில் எடுத்தாலும் அது யாரால், எதனால் கைவிடப்பட்டது என்று படம் சொல்லாது. சொல்ல வேண்டியது படத்தின் அடியில் எழுதுபவர். இரவுப் படத்துக்கு அடியில் கமராவின் எண்களை மட்டும் எழுதி, சுவரின் வயதை எழுதாமல் விடுகிற பழக்கத்தை வேண்டுமானால் கண்டிக்கலாம். நானும் கண்டிக்கிறேன்.

என் சொந்த முறைப்பாடு வேறு. இந்த இரவுப் படங்களில் அடிக்கடி ஓர் ஆள் நிற்கிறார், முதுகு காட்டி, தலையில் கட்டிய டோர்ச்சின் கதிரை வானத்துக்கு நீட்டியபடி. லோட்டனின் அளவுகோல் மனிதர் திரும்பி வந்துவிட்டார். இம்முறை கூலி வாங்கியதும் அவரே, கமராவை வாங்கியதும் அவரே. இது சிறிய விடயம். பெரியது பஞ்சாங்கம். பால்வீதி வேண்டுவோர் நிலவை எதிரியாகக் கருதி அமாவாசையைத் தேடிப் போகிறார்கள். அந்த இடங்களுக்குப் போனவர்களோ பௌர்ணமியைத் தேடிப் போனவர்கள். மிகிந்தலையும் அனுராதபுரமும் கதிர்காமமும், ஏன் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவிலும், தங்கள் பெருநாளை வைத்தது நிலவில். எனவே நட்சத்திரம் கொட்டும் படம் வானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாலும், அந்த இடத்தில் யாரும் நடமாடாத இரவின் வானத்தைக் கொண்டுவருகிறது. லோட்டன் மனிதர் வணங்காத நேரத்தில் எடுத்தார். இவர்கள் மனிதர் வராத திதியில் எடுக்கிறார்கள். நிலவில் எடுத்தால் பால்வீதி கரையும், நட்சத்திரம் பத்தில் ஒன்றுகூட மிஞ்சாது, வானம் கருநீலமாகும், படம் பகல்போலத் தோன்றிப் பார்ப்பவரைக் குழப்பும் என்பார்கள். குழப்பட்டும். தூணின் நிழல் ஒரே திசையில் விழும், படியேறுகிறவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியும். அந்தப் படிகளை இரவில் ஏறியவர்களுக்கு அவை அப்படித்தான் தெரிந்தன.

பாதுகாக்கப்பட்ட இடங்கள் பெரும்பாலும் மாலையோடு மூடப்படுகின்றன. இரவில் உள்ளே இருக்கத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியைத் தனியார் ஆசைக்காகக் கேட்பதைவிட ஒரு வேலைக்காகக் கேட்கலாம். லோட்டனின் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முக்காலி நிறுத்திய புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது முடியாத காரியமில்லை. தூணுக்கும் படிக்கும் இடையிலான கோணம் வழிகாட்டும். அந்தப் புள்ளிகளில் பொசன் இரவொன்றில், ஒளிபாய்ச்சும் விளக்குகளைச் சிறிது நேரம் அணைத்து, ஆட்களை விலக்காமல், ஒவ்வொரு படம் எடுக்கலாம். அவருக்கு இரண்டு வாரம் தேவைப்பட்டிருக்கும் நிலவொளி இன்று பத்து விநாடிக்குள் தகட்டளவு தெளிவோடு விழும். அந்தப் பத்து விநாடியில் நடந்துபோகிறவர்கள் மட்டும் புகையாக இழுபடுவார்கள்.